சாந்து காணாத சுவர்

சுவர் எழுப்ப வேண்டுமானால் சுண்ணாம்பு வேண்டும், மணல் வேண்டும், குழைக்க நீர் வேண்டும், எடுத்துப் பூசக் கரணை வேண்டும் என்பது நம் ஊர்க் கொத்தர்களின் பால பாடம். இவற்றில் ஒன்றுமே இல்லாமல், கல்லின்மேல் கல்லை வைத்து, அந்தக் கல்லின் கனத்தையே சாந்தாகக் கொண்டு 36 அடி உயரச் சுவரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னால் நம்மவர் சிரிக்கக்கூடும். அந்தச் சுவர் பல நூறு ஆண்டுகளாக மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுத்து நிற்கிறது என்றும் சொன்னால், "எந்தத் தேசத்தில்?" என்று கேட்பார்கள். ஆப்பிரிக்காவில் என்று பதில் சொல்லும்போது கேட்பவர் முகத்தில் ஓர் அவநம்பிக்கை தோன்றுகிறதே, அந்த அவநம்பிக்கையினால் மேற்படி சுவருக்கு நேர்ந்த கதியையும் சேர்த்தே இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆப்பிரிக்கக் கண்டத்தின் பழைய கட்டடம் ஒன்றைச் சொல் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் எகிப்தின் பிரமிடு என்று பத்துக் குரல்கள் ஒருமிக்க எழும். வேறொன்று சொல் என்றால் வகுப்பு அமைதியாகிவிடும். பிள்ளைகளைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் கைக்கு வாய்த்த சரித்திரப் புத்தகங்கள் அப்படிப்பட்டவை.

தென் ஆப்பிரிக்கப் பகுதியில், ஜாம்பசி, லிம்போபோ என்னும் இரு நதிகளுக்கு இடையே உள்ளது ஜிம்பாப்வே தேசம். அதில் மஸ்விங்கோ என்னும் நகருக்குச் சற்றுத் தொலைவில், கருங்கற் குன்றுகளும் பசும்புல் பள்ளத்தாக்கும் கூடிய ஓரிடத்தில், ஏறக்குறைய 700 ஹெக்டேர் பரப்பில் பரந்து கிடக்கிறது ஒரு பழைய தலைநகரம். ஷோனா மக்களின் முன்னோர் 11-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை அதில் வாழ்ந்து கட்டினார்கள். மகா ஜிம்பாப்வே என்பது அதன் பெயர். ஷோனா மொழியில் ஜிம்பாப்வே என்பதற்குக் 'கல் வீடுகள்' என்று பொருள் சொல்லுகிறார்கள். குன்றின் உச்சியில் பெரும் பாறைகளையே சுவரோடு சுவராகச் சேர்த்துக் கட்டிய ஒரு வளாகமும், கீழே பள்ளத்தாக்கில் பல சிறு வளாகங்களும், இவற்றுக்கு நடுநாயகமாகப் 'பெரிய அடைப்பு' என்று வழங்கும் வட்டச் சுவரும் அங்கே உண்டு. இந்தப் பெரிய அடைப்பின் புறச்சுவர் சுற்றளவில் சுமார் 820 அடி. அதன் அடித்தடிப்பு சில இடங்களில் 17 அடி. அதில் அடுக்கிய கற்கள் ஏறக்குறைய 10 லட்சம் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனையிலும் ஒரு கையளவு சாந்து கிடையாது.

கல்லை ஒட்டவைக்க ஒன்றுமில்லையென்றால் சுவர் நிற்பது எங்ஙனம்? கனத்தினாலும் உராய்வினாலுமே நிற்கிறது. ஒரு கல்லின்மேல் இன்னொரு கல் உட்காரும்போது, மேற்கல்லின் பாரம் கீழ்க்கல்லை அழுத்துகிறது. அழுத்த அழுத்த அவ்விரண்டும் ஒன்றையொன்று நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளுகின்றன. ஆகவே இவ்வகைச் சுவருக்கு உயரமே ஒருவிதத்தில் உறுதி. ஆனால் அந்தப் பாரம் நேராகக் கீழே இறங்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளினால் தீர்ந்தது. அதற்காகவே இதைக் கட்டுபவர்கள் எந்தத் தேசத்திலும் சுவரின் இரு முகங்களையும் உட்புறமாகச் சற்றுச் சாய்த்தே எழுப்புகிறார்கள். அடியில் அகலம், உச்சியில் ஒடுக்கம். இரு முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய முயலும் இரண்டு கிழவர்களைப் போல ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. தூக்குக்குண்டு கட்டிச் செங்குத்தாகவே சுவர் எழுப்பிப் பழகிய நம் கொத்தருக்கு இது முதலில் கோணலாகத் தோன்றும்.

இங்கிலாந்தின் வடபகுதியில், முக்கியமாக யார்க்ஷயர் மேட்டு நிலங்களில், ஆட்டு மந்தைகளை மறிக்கக் கட்டிய இத்தகைய சுவர்கள் மைல் கணக்கில் மலையேறி இறங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 18-ஆம், 19-ஆம் நூற்றாண்டுகளில், பொது மேய்ச்சல் நிலங்களைச் சட்டத்தின் மூலம் தனியார் அடைத்துக்கொண்ட காலத்தில் எழுந்தவை. ஏழையின் பசுவை வெளியே தள்ளின சுவர்கள் அவை என்பதை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள், அது கிடக்கட்டும். அங்கே வேலை கற்பவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் விதிகள் சில. பெரிய கல் அடியில் போகவேண்டும். கல்லின் நீளம் சுவரின் உள்ளே போகவேண்டும். அழகான நீண்ட பக்கத்தை வெளியே காட்டிப் படுக்க வைப்பவன் சோம்பேறி. ஒரு கல் இரண்டின்மேல் உட்கார வேண்டும், இரண்டு கல் ஒன்றின்மேல் உட்கார வேண்டும். அப்போதுதான் மூட்டுகள் ஒன்றுக்கு நேரே ஒன்று வந்து சுவரை மேலிருந்து கீழே பிளக்கமாட்டா. இரு முகங்களுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தைச் சில்லுக் கற்களால் கையால் ஒவ்வொன்றாக இட்டு நிரப்ப வேண்டும், கூடையோடு கொட்டக்கூடாது. பாதி உயரத்தில் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை போகும் நீளக்கற்களை இடைவெளி விட்டு வைக்கவேண்டும். உச்சியில் கனத்த தலைக்கற்கள்.

இவற்றுள் எந்த விதியை மீறினாலும் பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியாது. சுவருக்கு மட்டும் தெரியும். நடுவில் மண்ணையும் பொடியையும் கொட்டி நிரப்பிய சுவர் முதல் வருஷம் மற்றதைப்போலவே நிற்கும். சில மழைக்காலங்கள் கழிந்ததும் பொடி கரைந்து கீழே இறங்கும், நடு காலியாகும், மேலிருந்த சில்லுகள் ஆப்பைப்போல் இறங்கி முகங்களை வெளியே தள்ளும். சுவர் வயிறு வைக்கும். வயிறு வைத்த சுவர் பின்பு மெலிவதில்லை. ஒரு நாள் சரிய வேண்டியதுதான். நல்ல வேலைக்காரன் நாளொன்றுக்குப் பத்தடி நீளம் கட்டி முடித்தால் அதிகம். அந்த நேரத்தில் பெரும் பகுதி ஒருவரும் பார்க்கப்போகாத அந்த நடுப்பகுதிக்கே செலவாகிறது.

யாழ்ப்பாணக் கடலிலுள்ள நெடுந்தீவுக்குப் போயிருப்பவர்கள் இந்த வித்தையின் எளிய உருவத்தை அங்கே கண்டிருப்பார்கள். பனையோலையோ கிடுகோ கொண்டு அடைக்கும் வேலிக்குப் பதிலாக, அந்தத் தீவில் கிடைக்கும் பவளப்பாறைக் கற்களையே சாந்தின்றி அடுக்கி, வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மதிலாக்கி வைத்திருக்கிறார்கள். கடற்காற்று அந்த மதிலின் ஓட்டைகளுக்குள் புகுந்து போகிறது. ஆகையால் மதிலைத் தள்ளுவதில்லை.

நிற்க. மகா ஜிம்பாப்வேயின் கொத்தர்கள் இந்த வித்தையைத் தங்கள் கல்லுக்கு ஏற்றபடி வேறு வழியில் கொண்டுபோனார்கள். அங்குள்ள குன்றுகள் வழுவழுப்பான கருங்கற் குன்றுகள். பகல் வெயிலில் காய்ந்து இரவுக் குளிரில் சுருங்கிச் சுருங்கி, வெங்காயம் தோல் உரிவதுபோல் அந்தப் பாறைகளிலிருந்து பலகை பலகையாகக் கல் உரிந்து விழுகிறது. ஒவ்வொரு பலகையும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. அதை உடைத்தால் மேலும் கீழும் தட்டையான, செங்கலைப்போன்ற கட்டிகள் கிடைக்கும். இயற்கை தரும் பலகை போதாதபோது பாறைமேல் தீ மூட்டிச் சூடேற்றி, மேலே நீரைக் கொட்டி உரித்தார்கள் என்று ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். இதைக் கேட்டு நாம் வியப்படைய வேண்டியதில்லை. விறகுத் தீயின் வெப்பத்தால் பாறையின் மேற்பரப்பிலிருந்து பெரும் பலகைகளைப் பெயர்த்தெடுக்கும் வித்தையைப் பெங்களூர்ப் பக்கத்துக் கல்லுடைப்போரும் வெகுகாலம் கையாண்டிருக்கிறார்கள். கருங்கல் எங்கும் கருங்கல்லே. அதனோடு பழகினவர்கள் ஒரே முடிவுக்கு வந்து சேர்வதில் அதிசயமில்லை.

கல் சிறியது, சுவரோ 17 அடித் தடிப்பு. இங்கே ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை போகும் நீளக்கல்லுக்கு இடமேது? ஆகவே அவர்கள் தடிப்பையும், உட்சாய்வையும், வரிகளின் ஒழுங்கையுமே நம்பினார்கள். ஒவ்வொரு வரியும் தனக்குக் கீழுள்ள வரியிலிருந்து ஒரு சிறிது உள்வாங்கியே இருக்கிறது. உட்கூட்டிலும் முரட்டுக் கற்களைக் கையால் படுக்க வைத்தே நிரப்பினார்கள். ஆழமான வாணம் தோண்டவில்லை. எல்லாவற்றையும்விட நமக்கு விசேஷமாகப் படுவது, அந்த நகரம் முழுவதிலும் நேர்கோட்டுச் சுவர் என்று ஒன்று இல்லாமையே. ஆறு வளைவதுபோல் எல்லாம் வளைந்து போகின்றன. ஒரு சுவர் இன்னொன்றைச் சந்திக்கும் இடத்தில் இரண்டையும் பின்னிக் கட்டுவதில்லை. ஒன்றன்மேல் மற்றது முட்டி நிற்கும், அவ்வளவே. ஐரோப்பியர் சிலர் இதைத் தேர்ச்சியின்மை என்று எழுதினார்கள். ஒரு சுவர் அமிழ்ந்தாலும் சாய்ந்தாலும் அடுத்த சுவரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகாது என்ற நன்மை இதில் இருப்பதை அவர்கள் யோசிக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

புறச்சுவர் முழுவதும் ஒரே தரமன்று. சில இடங்களில் வரிகள் ஏறி இறங்கி, ஒன்றோடொன்று கலந்து தடுமாறுகின்றன. தென்கிழக்குப் பகுதிதான் மிக உயரம், மிகத் தடிப்பு, மிக நேர்த்தி. அங்கே ஒவ்வொரு கட்டியும் தேர்ந்தெடுத்து முகம் திருத்தப்பட்டிருக்கிறது. வரிகள் நூல் பிடித்ததுபோல் ஓடுகின்றன. உச்சியில் கற்களைச் சாய்த்து வைத்து, மேலும் கீழும் கோணிச் செல்லும் இரட்டை வரி அலங்காரம் ஒன்று செய்திருக்கிறார்கள். இந்தச் சுவருக்கும் உள்சுவருக்கும் இடையே ஒடுங்கிய சந்து ஒன்று செல்கிறது. அதன் முடிவில் சுமார் 30 அடி உயரமுள்ள ஒரு கோபுரம். நம் வீடுகளில் முன்பு இருந்த நெற்குதிரைப்போல் அடி பருத்து மேலே ஒடுங்கியது. தானியக் குதிரின் வடிவமே அது என்றும், அரசன் குடிகளுக்குச் சோறளிப்பவன் என்பதன் அடையாளம் என்றும் சில அறிஞர் கருதுகிறார்கள். உள்ளே பொன் இருக்கும் என்று ஆசைப்பட்டவர்களுக்குப் பதில் சொல்லக் காத்திருந்தது கல்தான். கோபுரம் முழுவதும் உள்ளே திண்ணமாகக் கல் அடுக்கிய ஒன்று.

இந்தச் சுவர்கள் பகைவரைத் தடுக்க எழுந்தவை அல்ல. இவற்றுக்குக் கூரையும் இருந்ததில்லை. மக்கள் குடியிருந்தது களிமண்ணும் சரளையும் கலந்து கெட்டித்த 'டாகா' என்னும் மண் வீடுகளில். கற்சுவர் அந்த வீடுகளை வளைத்து நின்று, அரசனின் பெருமையைக் காத்தது. அந்த நகரத்தார் ஆடுமாடுகளாலும் பொன் வாணிபத்தாலும் செழித்தவர்கள். சீனத்துப் பீங்கானும், பாரசீகத்துக் கிண்ணமும், கிழக்குக் கடற்கரையிலுள்ள கில்வா நகரத்து நாணயமும் அங்கே கிடைத்திருக்கின்றன. நம் தேசத்திலிருந்து கடல் கடந்து போன கண்ணாடி மணிகளும் கிடைத்திருக்கின்றன. அந்த மணிகளை அணிந்து கொண்ட கைகளே கல்லையும் அடுக்கியிருக்கக்கூடும் என்று நினைப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

ஆனால் வெள்ளையருக்கு அது சம்மதமாயில்லை. 1871-ல் கார்ல் மௌக் என்ற ஜெர்மானியப் பிரயாணி அங்கே போய்ச் சேர்ந்தார். வாயிற்படியின்மேல் உத்தரமாக இருந்த மரத்தில் ஒரு சிராயை எடுத்தார். நிறத்திலும் மணத்திலும் அது தம் பென்சில் மரத்தை ஒத்திருந்தது. பென்சில் செய்வது தேவதாரு வகை மரத்தில். தேவதாரு லெபனானில் வளர்வது. ஆகவே இதைக் கொண்டுவந்தவர்கள் பினீஷியர்கள். ஆகவே இது விவிலியத்தில் வரும் ஷீபா ராணியின் அரண்மனை! ஒரு பென்சிலைக் கொண்டு ஒரு ஜனசமூகத்தின் முன்னோர்களையே அழித்துவிட்டார். அந்த மரமோ ஆப்பிரிக்காவிலேயே வளரும் ஒன்று.

மௌக்காவது வெறும் பிரயாணி. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது. 1890-ல் ஸெஸில் ரோட்ஸின் கம்பெனி அந்த நாட்டைக் கைப்பற்றியது. முன்னொரு காலத்தில் வெள்ளை நிறத்தார் ஆண்ட பூமி இது, இப்போது நாம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுகிறோம் என்று சொல்லிக்கொள்ள ஷீபா ராணி வசதியாக இருந்தாள். 1895-ல் பழைய இடிபாடுகளைத் தோண்டிப் பொன் எடுப்பதற்கென்றே ஒரு கம்பெனி ஏற்பட்டது. 1902 முதல் 1904 வரை மகா ஜிம்பாப்வேயில் காப்பாளராக இருந்த ஹால் என்பவர் செய்ததுதான் உச்சம். மேலே கிடப்பது பிற்காலத்துக் காப்பிரிகளின் குப்பை, அதை நீக்கினால்தான் உண்மையான பண்டைக்காலம் தெரியும் என்று சொல்லி, அடிக்கணக்கில் மண்ணை வாரி வெளியே கொட்டினார். அந்தக் 'குப்பை'தான் கட்டியவர்களின் வீடும், அடுப்பும், பானையும். சரித்திரத்தின் ஏடுகளை அச்சேறுமுன் அடுப்பிலிட்டது போலாயிற்று.

இதனால் கெட்டது சரித்திரம் மட்டுமன்று, சுவரும் கெட்டது. சாந்தில்லாச் சுவருக்கு மழை பகையல்ல. மேலே பெய்யும் நீர் ஆயிரம் இடுக்குகளின் வழியாக வழிந்து போய்விடும். அடியில் தேங்கும் நீர் வெளியேற வடிகால்களும் வைத்திருந்தார்கள். தேங்கி நிற்கும் நீரும், அடியில் ஊறி மண்ணை இளக்கும் நீருமே அதற்கு எமன். நூற்றாண்டுகளாகக் கெட்டித்துக் கிடந்த டாகாத் தரைகள் மழைநீரைச் சுவரடிக்குள் இறங்கவிடாமல் ஓடவைத்து வந்தன. அவற்றைப் பெயர்த்த பின் நீர் நேரே அடியில் இறங்கலாயிற்று. கட்டினவர்களை இல்லையென்று நிரூபிக்கத் தோண்டிய குழி, கட்டினதன் காலையே வாரிவிட்டது.

உண்மை வெளிப்பட அதிக காலம் ஆகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1905-லேயே ராண்டல்-மக்கைவர் என்ற ஆராய்ச்சியாளர், இது ஆப்பிரிக்கர் வேலையே, மத்திய காலத்தைச் சேர்ந்ததே என்று முடிவு கூறினார். குடியேறிய வெள்ளையர் சீறினார்கள். மீண்டும் ஆராய 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸன் என்ற பெண்மணி அனுப்பப்பட்டார். அவருடன் சென்ற இருவரும் பெண்களே. தோண்டுவோர் கைபடாத இடமாகத் தேடிப் பிடித்துத் தோண்டினார். கோபுரத்தின் அடியிலும் சுரங்கம் இட்டுப் பார்த்தார். மண்ணில் அடுக்கடுக்காகக் கிடந்த ஓடுகளும் மணிகளும் ஒரே கதையைச் சொல்லின. ஆப்பிரிக்கரல்லாத எவரும் இதைக் கட்டினார்கள் என்பதற்கு ஒரு துரும்பும் கிடைக்கவில்லை. விஞ்ஞானிகளுக்குள் வழக்கு அன்றே தீர்ந்தது. அரசாங்கத்துக்குத் தீரவில்லை. 1965-ல் தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்ட ரொடீஷிய வெள்ளை அரசாங்கம், கட்டியவர் யார் என்று திட்டமாகச் சொல்லக்கூடாதென்று தொல்பொருள் துறையினரை நெருக்கியது. அங்கே வேலை பார்த்த பீட்டர் கார்லேக் என்ற அறிஞர் 1970-ல் நாட்டைவிட்டே வெளியேறினார். 1980-ல் விடுதலை பெற்ற தேசம், தன்னை அடக்கியவரின் பெயரைக் களைந்துவிட்டு, ஒரு சுவரின் பெயரைத் தன் பெயராக வைத்துக்கொண்டது. அந்த இடிபாடுகளில் கிடைத்த மாவுக்கற் பறவை அதன் கொடியில் இருக்கிறது.

நம் தேசத்திலும் பீஹாரில் ராஜகிருகத்தின் குன்றுகள்மேல், மகத நாட்டின் பழைய தலைநகரைச் சூழ்ந்து, சாந்தின்றிப் பெரும் பாறைகளை அடுக்கிய மதில் 25 மைலுக்கு மேல் ஓடுகிறது. அதுவும் 17 அடித் தடிப்பே. அதைக் கட்டியவர்கள் பினீஷியர்கள் என்று எவரும் சொல்லாமற் போனது நம் பாக்கியம்.

2018-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி கலாசார ஸ்தாபனம், சாந்தின்றிக் கற்சுவர் எழுப்பும் கலையை மனித குலத்தின் பொதுச் சொத்துக்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. குரோஷியா, ஸைப்ரஸ், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்லோவேனியா, ஸ்பெயின், ஸ்விட்ஸர்லாந்து என்னும் எட்டு நாடுகளின் பெயரால் அது பதிவாயிற்று. 2024-ல் இன்னும் ஐந்து நாடுகள் சேர்ந்தன. அவையும் ஐரோப்பிய நாடுகளே. மகா ஜிம்பாப்வேயின் சுவர்கள் 1986 முதல் உலகச் சின்னங்களின் பட்டியலில் இருக்கின்றன; அதாவது கல் பதிவாகியிருக்கிறது. கல்லை அடுக்கிய வித்தை ஆப்பிரிக்காவின் பெயரில் பதிவாகவில்லை. விண்ணப்பம் செய்தவர்களுக்குத்தான் இடம் கிடைக்கும் என்பது விதியாயிருக்கலாம். நமக்கென்னவோ அது நெருடுகிறது.

ஏனெனில் இன்று அங்கே தேவைப்படுவது அந்த வித்தைதான். சுவர்கள் பல இடங்களில் வயிறு வைத்திருக்கின்றன. மர வேர்கள் கற்களை நெம்புகின்றன; ஆடுமாடுகளும், வேடிக்கை பார்க்க வருவோரும் ஏறி மிதிக்கிறார்கள்; உட்கூட்டுக் கற்கள் நாளடைவில் இறங்கிப் படிகின்றன. பொறியாளர்கள் சில பகுதிகளில் கற்கள் எவ்வளவு நகர்கின்றன என்று அளந்து வருகிறார்கள். இடுக்குகளை அடைத்துவிட்டால் என்ன என்று சிமெண்டோடு வருபவர் எங்கும் உண்டு. இத்தகைய சுவருக்குச் சிமெண்டு மருந்தன்று, விஷம். நீர் போகும் வழியை அது மூடிவிடும். சற்றே அசைந்து தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும் சுவரை அசையாமல் கட்டிப்போட்டு, அசைய வேண்டிய நாளில் ஒரேயடியாகப் பிளக்கச் செய்யும்.

ஆகவே பழுது பார்ப்பது பழைய முறையில்தான். அக்கம்பக்கத்துக் கிராமத்தவர்களைக் கொத்தர்களாகப் பழக்கி அந்த வேலையில் வைத்திருக்கிறார்கள். வெள்ளையர் ஆட்சியில் இந்தக் கிராமத்தார்தான் அந்த இடத்தைவிட்டு விலக்கப்பட்டு, தங்கள் முன்னோருக்குப் பூசை செய்யவும் வேலிக்கு வெளியே நின்றவர்கள். சரிந்த பகுதியைத் தொடுமுன் படம் பிடிக்கிறார்கள். பழைய படங்களோடு ஒப்பிட்டு, முகக் கற்களுக்கு ஒவ்வொன்றாக எண் இடுகிறார்கள். பிறகு வரி வரியாகப் பிரித்து, தரையில் அதே வரிசையில் பரப்பி வைத்து, மறுபடி அதே இடத்தில் ஏற்றுகிறார்கள். முகத்தில் இருந்த கல்லுக்கு இப்படி எண் உண்டு, படம் உண்டு. உட்கூட்டில் கிடந்த கல்லுக்கு இரண்டும் இல்லை. அதைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் படுக்கும் என்று கொத்தன்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.